பேராண்டியின் ஓட்டை ஹெட்போன்

ஏண்டா பேராண்டி, கறவை மாடு ஒண்ணு பிடிக்கிற காசைக் கொட்டி ஹெட்போன் வாங்கியிருக்கே, முதுகுப் பக்கம் மூடியே இல்லையே! கடைக்காரன் போட மறந்துட்டானா, இல்லே மூடிக்குத் தனி வெலையா?

சரி சரி, மூஞ்சியைத் தூக்காதே. திறந்த முதுகுதான் அதோட பெருமைன்னு எனக்கும் தெரியும். நாலு ஊருக்கு மைக் செட் போட்டு, கம்பத்துல குழாய் கட்டி, ஆம்ப்ளிஃபயர் சூட்டுல மார்கழிக் குளிரைக் காஞ்சவன் நான். ஓம்ஸும் வாட்ஸும் உங்கப்பன் டவுசர் போட்ட காலத்துலேயே எனக்குப் பழக்கம். நீ யூடியூப்ல நாலு வெள்ளைக்காரனைப் பாத்துட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்கறே. எடு, எடு. இந்தச் சுவாமிமலையில அது வழக்கம்தான். அப்பனுக்குப் புள்ளை பாடம் சொன்ன மலை இது. அறுபது படி ஏறிப் பாரு, பாடம் சொன்ன புள்ளை முருகன் மேலே நிக்கறான். கேட்டுக்கிட்ட அப்பன் கீழே சன்னிதியில இருக்கார். ஆனா ஒண்ணு கவனிச்சியா? சொன்னது காதுக்குள்ள. கேட்டவர் வாயைப் பொத்திக்கிட்டுக் கேட்டார். அந்த வழக்கப்படி இப்ப நீ வாயைப் பொத்து.

முதுகு ஏன் திறந்திருக்குன்னா, உள்ளே ஆடுற தகடு காதுப் பக்கம் தள்ளுற காத்தை அதே அளவுக்குப் பின்பக்கமும் தள்ளுது. முதுகை மூடினா பின்னாடி போன சத்தம் கிண்ணத்துக்குள்ள முட்டித் திரும்பி வந்து பாட்டோட கலந்து குழப்பும். திறந்து விட்டா அது பாட்டுக்கு வெளியே போயிடும். பாட்டும் மண்டைக்குள்ள அடைஞ்சு கிடக்காம கொஞ்சம் வெளியில விரிஞ்சு கேக்கும். 1968ல ஜெர்மனியில சென்ஹைசர் கம்பெனி எச்டி 414னு, மஞ்சப் பஞ்சு வச்சு ஒண்ணு விட்டாங்க. திறந்த முதுகுக் கூட்டத்துக்கு அதுதான் மூத்த தலை. அதுக்கும் முன்னாடி, 1910 வாக்குல, அமெரிக்காவுல நதானியேல் பால்ட்வின்னு ஒருத்தர் சமையல்கட்டுல உக்காந்து ஹெட்போன் செஞ்சு கப்பல் படைக்கு அனுப்பினார். சமையல்கட்டுல செஞ்ச மனுஷன்கூட மூடி போட்டுத்தான் கொடுத்தார், அதை மட்டும் சொல்லிக்கறேன்.

அடுத்தது அந்த பிளானர் சமாசாரம். சாதா ஹெட்போன்ல ஒரு சின்னக் கூம்பு, அதுக்கு அடியில கம்பிச் சுருள். சுருள் தள்ளும், கூம்பு ஆடும். நான் கட்டின குழாய் யூனிட்டுலேயும் சுருள் தள்ளுற வேலைதான். உன்னோடதுல அந்தச் சுருளே கிடையாது. தலைமயிரைவிட மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் படலம், அது மேல வளைஞ்சு வளைஞ்சு ஓடுற உலோகத் தடம், பக்கத்துல வரிசையா காந்தம். தடத்துல மின்சாரம் ஓடினா படலம் முழுக்க ஒரே மூச்சுல முன்னும் பின்னும் போகும். நடுவுல ஒரு ஆட்டம், ஓரத்துல ஒரு ஆட்டம்னு கோணாது. அடி ஸ்தாயி குழையாம வர்றது அதனாலதான். இதுவும் நேத்து முளைச்ச வித்தை இல்லே. 1976லேயே யமஹா எச்பி-1னு ஒண்ணு செஞ்சு வித்தாங்க. அப்புறம் ரொம்ப காலம் தூங்கிப்போன வித்தையை ஆடிஸி, ஹைஃபைமேன்னு ரெண்டு கம்பெனிக்காரங்க தூசு தட்டி எழுப்பினாங்க. 2008ல கலிஃபோர்னியாவுல ஆடிஸியைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர் பேரு சங்கர் தியாகசமுத்திரம். நம்ம கும்பகோணம் வட்டத்துலேயே தியாகசமுத்திரம்னு ஊர் இருக்கு. பேரைப் படிச்சதும் எனக்குக் காபி ஒரு மடக்குக் கூடுதலா இறங்குச்சு. 2023ல சோனிக்காரன் அந்தக் கம்பெனியையே வாங்கிட்டான், அது வேற கதை.

காந்தம்னு சொன்னேன் பாரு, அதுல ஒரு சங்கதி. நீ நேத்து சாயங்காலம் அதைக் கழுத்துல மாலையாப் போட்டுக்கிட்டு ஸ்தபதி பட்டறைக்குள்ள போய் நின்னே. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சிலையை ராவி எடுக்கிற தூளு ஐம்பொன் தூளு, அது காந்தத்துல ஒட்டாது. ஆனா ராவுற அரமும் செதுக்குற உளியும் இரும்பு. அது தேயறப்போ பறக்கிற பொடி இருக்கே, அது உன் ஹெட்போனைக் கண்டா ஓடி வந்து உக்காந்துக்கும். ஒரு துணுக்கு படலத்துல உரசினாலும் கிர்ருனு இரையும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்கு நல்லாத் தெரியும். நீ இருக்கிற பெங்களூர்ல விக்கிறவன் எவனும் இதைச் சொல்லியிருக்க மாட்டான். சுவாமிமலையில இருக்கிறவன்தான் சொல்லணும்.

இப்ப நல்ல சத்தத்துக்கு வருவோம். நீ என்ன கேட்டே? 'தாத்தா, இன்னும் நல்லா கேக்கணும்னா அடுத்தது என்ன வாங்கணும்?' அடேயப்பா! வாங்கினதை இன்னும் கேட்டே முடிக்கலே. வாங்கவே வேண்டாம், அணைக்க வேண்டியது நிறைய இருக்கு. முதல்ல அந்த ஃபேனை அணை.

திறந்த முதுகு உன் பாட்டை மட்டுமா வெளியில விடும்? ஊரையும் உள்ளே விடும். தலைக்கு மேல ஃபேன், கொல்லையில மோட்டார், அடுக்களையில மிக்ஸி, தெருவுல மீன்காரன், எல்லாரும் உன் கச்சேரிக்குப் பக்கவாத்தியம். கொசு ஒண்ணு வலது காதுலேருந்து இடது காதுக்குப் போனா அதுவும் ஸ்டீரியோதான். நீ என்ன பண்றே? ஃபேன் சத்தத்தை அமுக்கணும்னு பாட்டைக் கூட்டறே. தம்புரா அப்பவும் கேக்காது, காது மட்டும் கொதிக்கும். ரெக்கார்டிங்குல மெல்லிசா இருக்கிற சங்கதி இருக்கு பாரு, பாடறவங்க இழுக்கிற மூச்சு, வயலின் வில்லு திரும்புற இடம், மண்டபத்து எதிரொலி, அதுக்குத்தான் நீ காசு கொடுத்தே. அதையெல்லாம் முதல்ல தின்னுறது ஃபேன்.

சித்திரையில ஃபேனை அணைச்சா புழுங்கிச் சாவேனேன்னு கேப்பே. சாவ மாட்டே. வேற நேரம் பாரு. ஆடி மாசம் பகல்ல நினைக்காதே, ஊரு பூரா அம்மன் கோயில் குழாய். மார்கழி விடியக்காலை நல்ல குளிர்ச்சி, ஆனா திருப்பாவை குழாய்ல வரும். அந்தக் காலத்துல கட்டினவனே நான்தான், குறை சொல்ல எனக்கு வாயில்லே. ராத்திரி பத்துலேருந்து காலை ஆறு வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000ல மத்திய சர்க்கார் விதி போட்டிருக்கு. எங்க தொழிலுக்கு ஆப்பு வச்ச விதி, உன் ஹெட்போனுக்கு வரம். பத்து மணிக்கு மேல கேளு. ஐப்பசியில தவளை கத்தும், அதுக்கு எந்த சர்க்கார் விதியும் கிடையாது. எல்லாத்தையும்விட உத்தமம் மின்வெட்டு. ஃபேன் நிக்கும், மோட்டார் நிக்கும், டிவி நிக்கும், தெருவே நிக்கும். போன்ல சார்ஜ் இருந்தா போதும். கரண்டு போனா நீ மட்டும் சிரிக்கிறதைப் பாத்து உன் பாட்டி பயந்துடப் போறா, முன்கூட்டியே சொல்லி வச்சிரு.

பெங்களூர்ல உன் அறையில மூணு பேருன்னு சொன்னே. ஒருத்தன் ராத்திரி ஷிப்டு, ஒருத்தன் கிரிக்கெட். ஜன்னலுக்கு வெளியே மெட்ரோவுக்குப் பள்ளம் தோண்டறாங்க. பாவம், இந்தச் சாமான் அங்கே வந்து என்னடா பாடும்? நீ கேக்கிற பாட்டு அந்த ரெண்டு பேருக்கும் சன்னமாக் கேட்டுக்கிட்டே இருக்கும். திறந்த முதுகுல ரகசியம் எதுவும் தங்காது.

ரெண்டாவது, அது உக்கார்ற இடம். பின்பக்கம் திறந்துதான் இருக்கணும், சரி. முன்பக்கம், அதாவது காதைச் சுத்தி இருக்கிற மெத்தை, இடைவெளி இல்லாம ஒட்டி உக்காரணும். கிண்ணத்துக்கும் கன்னத்துக்கும் நடுவுல காத்து போக வழி இருந்தா முதல்ல ஓடிப்போறது அடி ஸ்தாயிதான். உன் கண்ணாடிக் காம்பு தடியா இருக்கு பாரு, அது மெத்தையைத் தூக்கி ஓட்டை போடுது. கேக்கிறப்போ கண்ணாடியைக் கழட்டி வை. காதால கேக்கிறதுக்குக் கண்ணு எதுக்கு? புதுசா வளர்த்திருக்கியே சடை, அதையும் காதுக்குப் பின்னால ஒதுக்கு. அப்புறம் வெத்தலை. கும்பகோணம் வெத்தலைக்கு 2025ல புவிசார் குறியீடே கொடுத்துட்டாங்க, போட வேண்டியதுதான். ஆனா பாட்டு ஓடறப்போ போடாதே. தாடை ஆடினா கன்னம் ஆடும், கன்னம் ஆடினா மெத்தை விலகும், மிருதங்கத்துத் தொப்பிச் சத்தம் வந்து வந்து போகும். சீவல் நொறுங்குற சத்தம் வேற மண்டை பூரா. ஆலாபனைக்கு முன்னாடி ஒண்ணு போட்டுக்க, தனி ஆவர்த்தனம் முடிஞ்சப்புறம் ஒண்ணு போட்டுக்க.

பின்பக்கத்தைச் சுவத்துல சாச்சோ தலையணையில அழுத்தியோ கேக்காதே. நம்பலேன்னா ரெண்டு கையாலேயும் பின்பக்க வலையைப் பொத்திப் பாரு, அதே பாட்டு டப்பாவுக்குள்ள போய் உக்கார்றது தெரியும். மெத்தையில வேர்வை ஊறி, பஞ்சு அமுங்கிப்போச்சுன்னா புதுசு மாத்து. பஞ்சு அமுங்கினா காதுக்கும் படலத்துக்கும் நடுவுல இருக்கிற தூரமே மாறிடும், சத்தமும் மாறிடும். போன வருஷம் இருந்த இனிமை இப்ப இல்லையேன்னு புலம்பறவன் பாதிப் பேரு பஞ்சைப் பாக்க மாட்டான், புது ஹெட்போன் பாப்பான். காதுல வச்சுட்டுக் கிண்ணத்தைப் பளார்னு அழுத்தாதே, காத்து போய் அந்த மெல்லிசுப் படலத்தை நசுக்கும். ஈரக்காத்துக்குப் பயந்துக்கிட்டு அரிசிப் பானைக்குள்ளேயும் புதைக்காதே. அந்தத் தவிடு எங்கே போய் உக்காரும்னு உனக்கே தெரியும்.

இப்ப ஆம்ப். இதுலதான் உங்க கூட்டம் காசைக் கரைக்குது, இதுலதான் கிழவன் கணக்கு உபயோகப்படும். ஹெட்போன் பெட்டியில ரெண்டு எண்ணு போட்டிருப்பான். ஒண்ணு ஓம்ஸ். நீங்க அதை மட்டும் பாக்கறீங்க. இன்னொண்ணு சென்சிடிவிட்டி, ஒரு மில்லிவாட் கொடுத்தா எத்தனை டெசிபல் சத்தம் வரும்னு. வேலை செய்யறது அதுதான். ஹைஃபைமேன் சுந்தராவை எடுத்துக்க, 37 ஓம்ஸ், 94 டெசிபல். கச்சேரி உச்சத்துல ஒரு நொடி 110 டெசிபல் எட்டணும்னு வச்சுக்க. பத்து டெசிபல் கூட்ட பத்து மடங்கு பவர், மூணு கூட்ட ரெண்டு மடங்கு. கணக்குப் போட்டா 40 மில்லிவாட் ஆச்சு. அதுக்கு ஒண்ணேகால் வோல்ட்டுக்குக் கொஞ்சம் கம்மி. போன்ல சொருகுற நல்ல டாங்கிளே கிட்டத்தட்ட அங்கே வந்துடும். அதே கம்பெனியோட பழைய எச்இ-6ஐப் பாரு, 83.5 டெசிபல்தான். அதே உச்சத்துக்கு 450 மில்லிவாட் கேக்கும், பதினோரு மடங்கு! அதை போன்ல சொருகினா முனகும். அதுக்குத்தான் கனமான ஆம்ப் வேணும். உன்னோடது எந்த ஜாதின்னு பாக்காம, எவனோ எச்இ-6க்குச் சொன்ன வைத்தியத்தை நீ சுந்தராவுக்குப் பண்ணா அது ஆம்ப் விக்கிறவனுக்குத்தான் உடம்புக்கு நல்லது.

பிளானருக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. அதோட ஓம்ஸ் அடி ஸ்தாயிலேருந்து மேல் ஸ்தாயி வரைக்கும் அனேகமா ஒரே அளவுல நிக்கும். சாதா ஹெட்போன்ல அது மேடும் பள்ளமுமா இருக்கும், அதனால ஆம்ப்போட உள் தடை கூடினா சத்தத்தோட ருசியே மாறிப்போகும். பிளானர் அதுக்கெல்லாம் அசையாது. பவர் பத்தலேன்னா சின்னதாப் பாடும், பத்தினா சரியாப் பாடும். பத்தினதுக்கு மேல எத்தனை கொடுத்தாலும் அதே பாட்டுத்தான்.

கேபிள். ஆஹா, இதைச் சொல்லணும்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். வெள்ளி முலாம் பூசின கேபிள், தங்கம் தோய்ச்ச முனை, கேட்டா திரை விலகினாப்ல இருக்குமாம். பேராண்டி, உலோகம் பத்தி இந்த ஊர்ல வந்து பேசறியே! நம்ம ஸ்தபதிங்க ஐம்பொன்னுன்னு சொன்னாலும் உலையில போறது செம்பும் பித்தளையும் ஈயமும்தான். தங்கமும் வெள்ளியும் சிலை செய்யச் சொன்னவர் திருப்திக்கு ஒரு குந்துமணி விழும். அந்தக் குந்துமணி சாமிக்கு அழகு சேக்கறதில்லே. மெழுகுல ஸ்தபதி விரல் ஓடின ஓட்டமும் அதுமேல பூசுற காவிரி வண்டலும் சேக்குது. உன் கேபிள் தங்கமும் அந்தக் குந்துமணிதான். முனையில தங்கம் இருந்தா துரு ஏறாது, அவ்வளவு லாபம் உண்டு. ஒரு மீட்டர் செம்புக் கம்பி அறுந்துபோகாம இருந்தா போதும். வெலை கூடினா சத்தம் கூடும்னு நினைக்கிறவனுக்கு ஒரு சேதி. 2017ல யெரூன் பிரேபார்ட்டுனு ஒரு ஆராய்ச்சிக்காரர் 283 ஹெட்போன் அளந்து பாத்தார். வெலைக்கும் அது எந்த ஸ்தாயியை எந்த அளவுல கொடுக்குதுங்கறதுக்கும் சம்பந்தமே தெரியலேன்னு எழுதிட்டார். அந்தக் கட்டுரையைக் கடை வாசல்ல எந்தக் கடைக்காரனும் ஒட்டலே.

அப்புறம் நூறு மணி நேரம் விடாம ஓட விட்டாத்தான் ஹெட்போன் பதப்படும்னு சொல்லி ராத்திரியெல்லாம் இரைச்சலைப் போட்டு அலமாரிக்குள்ள வச்சிருந்தியே. பதப்படறது நீ. புதுச் சத்தத்துக்குக் காதும் மூளையும் பழகிக்கும், அப்புறம் அதுவே நல்லாருக்கும். கல்யாணம் பண்ணிக்கிட்டவன் எவனைக் கேட்டாலும் சொல்லுவான்.

காசு இல்லாம நிஜமாவே சத்தம் மாறுற வழி ஒண்ணு இருக்கு, ஈக்யூ. உங்க கூட்டத்துல பாதிப் பேரு அதைத் தொட்டா தீட்டுங்கறான். ஏன்? நான் மைக் செட் காலத்துல பேஸும் ட்ரெபிளும் திருகாம ஒரு பாட்டு விட்டதில்லே. திறந்த முதுகு பிளானர் பெரும்பாலும் அடியில சமமாப் போகும், ஆனா மனுஷக் காது இன்னும் கொஞ்சம் கனம் கேக்கும். ஹார்மன் கம்பெனியில ஷான் ஆலிவ்னு ஒருத்தர் தலைமையில நிறைய பேரை உக்கார வச்சுக் கேக்கச் சொல்லிப் பாத்தாங்க. நல்ல அறையில நல்ல ஸ்பீக்கர் கேட்டா எப்படி இருக்குமோ, அதுக்கு நெருக்கமா அடியில கொஞ்சம் கனத்தோட வர்ற ஹெட்போனைத்தான் பெரும்பாலானவங்க விரும்பினாங்க. அதனால 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே நாலஞ்சு டெசிபல் தூக்கிப் பாரு. விண்டோஸ்ல ஈக்வலைசர் ஏபிஓனு ஒண்ணு சும்மாவே கிடைக்குது. பிளானர் படலம் அந்தச் சுமையை முகம் சுளிக்காம தாங்கும், அதுதான் அதோட நிஜமான சொத்து. ஆனா அஞ்சு டெசிபல் தூக்கினா மொத்தத்தையும் முன்னாடியே அஞ்சு டெசிபல் இறக்கி வை. இல்லேன்னா உச்சத்துல சத்தம் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். கரகரப்பைக் கேட்டுட்டு ஹெட்போனைத் திட்டாதே.

ஒரு சாமானுக்கும் இன்னொண்ணுக்கும் வித்தியாசம் பாக்கணும்னா சத்தத்தை ரெண்டுக்கும் ஒரே அளவுல வை. ஒரே ஒரு டெசிபல் கூடினது எப்பவுமே 'தெளிவா' இருக்கறதாத் தோணும். கடையில புது ஆம்ப்பைக் காட்டறவன் அதைக் கொஞ்சம் தூக்கி வச்சுத்தான் காட்டுவான். நானும் என் செட்டைக் காட்டினப்போ அப்படித்தான் காட்டினேன், தொழில் ரகசியம்.

இனிமே கேக்கிறதுக்கு வருவோம். நீ என்னைக் கேக்கச் சொல்லிப் போட்டது என்ன? கண்ணாடி உடையற சத்தம், ரயில் போற சத்தம், எவனோ காதுகிட்ட தலைமுடி வெட்டற சத்தம். ரயில் சத்தம் கேக்க சுவாமிமலை ஸ்டேஷன் இருக்கு, முடி வெட்டற சத்தத்துக்குக் கடைத்தெருவுல ஆளு இருக்கான். பிளானர் வாங்கினவன் மிருதங்கம் கேக்கணும்டா! அதுவும் உமையாள்புரம் சிவராமன் வாசிப்பு. காவிரிக்கரையோட மேற்கே போனா வர்ற ஊர் உமையாள்புரம். அந்த ஊர்க்காரருக்கு 2010ல பத்ம விபூஷண் கொடுத்தாங்க. வலந்தலையில விழற சாப்பு எல்லா ஹெட்போன்லேயும் கேக்கும். தொப்பியில ரவைப் பசை ஈரத்தோட ஒட்டியிருக்குமே, அதுல உள்ளங்கை தேச்சு எழுப்புற கும்கி, கீழேருந்து மேல வழுக்கிக்கிட்டு ஏறும். சாதாரண ஹெட்போன்ல அது 'தும்'முனு ஒரே குத்தா முடிஞ்சுடும். நல்ல பிளானர்ல அந்த வழுக்கலோட தொடக்கமும் தெரியும், எங்கே நிறுத்தினார்ங்கறதும் தெரியும். தனி ஆவர்த்தனத்துல தொப்பி வலந்தலைக்குள்ள கரைஞ்சு போச்சுன்னா மெத்தை விலகியிருக்குன்னு அர்த்தம், இல்லே நீ வெத்தலை மென்னுக்கிட்டிருக்கே.

சினிமாக்காரங்க இசை வேணும்னா இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்', 1986. தியாகையருக்கும் ஜே.எஸ்.பாக்குக்கும் காணிக்கையா எழுதின ஆல்பம், வயலின் கூட்டமா வரும். ஒவ்வொரு வில்லும் தனியாத் தெரியுதா, கூட்டமா ஒட்டிப்போகுதான்னு பாரு. அப்புறம் 1992ல வந்த ரஹ்மானோட 'ரோஜா', அடி ஸ்தாயியை எப்படிச் சுத்தமா வச்சிருக்கார்னு கேக்க. பதிவு நல்லாருக்கணும், அது முக்கியம். எவனோ கேசட்டுலேருந்து ஏத்தி, இன்னொருத்தன் அதை நசுக்கி வாட்ஸப்ல அனுப்பினதை பிளானர்ல போட்டா கேசட் இரைச்சலைத்தான் உயர்தரமாக் கேப்பே. சந்தா கட்டறதுலேயே நசுக்காத பதிவு கொடுக்கிறவங்க இருக்காங்க, 2021லேருந்து ஆப்பிளும் கூடுதல் காசு இல்லாம கொடுக்குது. செட்டிங்ல போய் அதைத் திருப்பி விட்டியான்னு பாரு. நூத்துக்கு தொண்ணூறு பேரு திருப்பவே மாட்டான்னு பந்தயம் கட்டுவேன்.

நாதஸ்வரம் மட்டும் ஹெட்போனுக்கு அடங்காத பண்டம். அது நாலு வீதி சுத்தி வர்ற சாமிக்கு முன்னாடி வாசிக்கப் பிறந்தது. நரசிங்கம்பேட்டையில பழைய வீட்டு உத்தரத்துலேருந்து எடுத்த ஆச்சா மரத்துல கடைஞ்சு எடுக்கிறாங்களே, 2022ல அதுக்கும் குறியீடு கிடைச்சுது. அந்த ஊர் ரங்கநாதன் ஆசாரிகிட்டச் சொல்லித்தான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரி நாதஸ்வரம் செஞ்சு வாங்கினார். திருவாவடுதுறைக்காரர், 1956ல போயிட்டார். 1947 ஆகஸ்ட் 15க்கு டெல்லியில வாசிச்ச கை அது. அவர் தோடி தட்டுல இருக்கு. அதைப் போடறப்போ சத்தத்தைக் குறைச்சு வை, அதுக்கே அது நிறைய. ஒரே மைக் காலத்துப் பதிவு, இடது வலதுன்னு ஒண்ணும் இருக்காது, நடு மண்டையில வந்து நிப்பார். நிக்கட்டும், அவர் நிக்க வேண்டிய இடம்தான் அது.

உனக்குச் சிரிப்பு வருது. 'தாத்தா, உங்க வயசுக்குப் பத்தாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல காதே கேக்காதே, உங்களுக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி'ன்னு. வாஸ்தவம்தான், மேல் ஸ்தாயி எனக்கு விடைபெற்றுப் போயிடுச்சு. ஆனா அந்தக் கால அரக்குத் தட்டுல அதுக்கு மேல இருக்கறது பெரும்பாலும் ஊசி உரசற சத்தம்தான். தட்டும் நானும் ஒரே எடத்துல ஓஞ்சோம். ஊசிச் சத்தம் உனக்குத்தான் கேக்கும், எனக்குத் தோடி மட்டும்தான் கேக்கும். யாருக்குடா லாபம்?

உன் காது என்னைப்போல ஆகாம இருக்கணும்னா ஒரு கணக்கு வச்சுக்க. 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மூணு டெசிபல் கூடினா நேரத்தைப் பாதியாக்கணும். 83ல 20 மணி, 86ல பத்து மணி. 92 வச்சா வாரம் பூரா ரெண்டரை மணி நேரம்தான், ஒரு கச்சேரிகூட முடியாது. நான் குழாய்க்குக் கீழே நின்னு தொலைச்ச காது, எந்தக் கடையிலேயும் திரும்பி விக்கலே.

ஆக, இந்தச் சாமானுக்கு என்னென்ன வேணும்? அமைதியான வீடு. ராத்திரி பத்து மணிக்கு மேல தூங்காத ஆளு. கண்ணாடி, சடை, மெட்ரோ, ரூம்மேட் இதெல்லாம் இல்லாத மண்டை. வாரத்துக்கு நாலு தடவை மின்வெட்டு. தோடி கேக்கப் பொறுமை. பெங்களூர்ல இதுல எது இருக்குன்னு நீயே சொல்லு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறறப்போ ஹெட்போனையும் டாங்கிளையும் சாமி அலமாரியில, விபூதி டப்பாவுக்கு எட்டத்துல வச்சுட்டுப் போ. உன் கறுப்பு சார்ஜரையும் வச்சுட்டுப் போக மறந்துடாதே, என் போனுக்கு அது பொருந்துதுன்னு நேத்தே சொருகிப் பாத்துட்டேன்.